பேர் சொல்லாத காலடி

கொதித்துக்கொண்டிருந்த பருப்புச் சட்டிக்குள் கூரையிலுள்ள புகைவாய் வழியாக அந்த வருஷத்து முதல் பனி ஒரு கைப்பிடி விழுந்து, சுர்ரென்று கரைந்தது. விழுந்ததில் ஒன்றும் அதிசயம் இல்லை. தமலூத் ஊரில் குளிர்காலம் முழுக்க எல்லார் சட்டியிலும் பனி விழும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு குரல் விழ வேண்டும். அது விழவில்லை. அகப்பையும் கையுமாக இஸ்ஸா அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள்.

அட்லஸ் மலையின் இடுக்கில், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்த மண் வீடுகள் தமலூத்தினுடையவை. மேல் வீட்டுக்காரன் தும்மினால் கீழ் வீட்டுக்காரன் முகம் துடைத்துக்கொள்வான். இலையுதிர்காலம் என்று ஒன்று அங்கேயும் உண்டு என்பார்கள். காலையில் வரும், வாதுமை இலையை நாலு தட்டுத் தட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் கிளம்பிவிடும். பிறகு பனிதான். சும்மா பனியா? ஏப்பம் விட்டால் அது உறைந்து விழுந்து கால் கட்டைவிரலை நசுக்கும். புருஷன் பெண்டாட்டி கார்த்திகையில் போட்ட சண்டையின் வசவெல்லாம் காற்றிலேயே கட்டியாகி நின்று, பங்குனியில் உருகி, சமாதானமாகி உட்கார்ந்திருப்பவர்கள் காதில் மறுபடி விழும். சந்துகள் மூடிவிடும், கதவுகள் மூடிவிடும். ஊருக்குக் கூரைகள்தான் தெரு, புகைவாய்தான் வாசல். ஏணியில் ஏறிப் போவார்கள், ஏணியில் இறங்கி வருவார்கள்.

தட்டையான மண் கூரை அது. உத்திரம் போட்டு, நாணல் பரப்பி, மேலே மண் கொட்டி மிதித்து இறுக்கியது. பனியைத் தள்ளாமல் விட்டால் அப்படியே உட்கார்ந்து, அடியில் படுத்திருப்பவர்களை ரொட்டி போலத் தட்டிவிடும். அதனால் பனி விழ ஆரம்பித்ததும் தள்ளுபலகையோடு கூரைக்கு ஓட வேண்டும். வீட்டில் ஆண் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் யாராவது வந்து தள்ளுவார்கள். வருகிறவன் முதலில் புகைவாயில் குனிந்து தன் பேரைச் சொல்வான். "நான்தான் மோஹா, சட்டிய மூடு!" உள்ளே இருப்பவள் சட்டியை மூடிவிட்டு, "கை சூடா இருக்கட்டும், இறங்கி வந்து சாப்பிடுங்க" என்பாள். பேர் சொல்லாமல் நடக்கிற காலுக்கு மட்டும் வாய் திறக்கக் கூடாது. யாரது என்றுகூடக் கேட்கக் கூடாது. ஏன் என்றால் பனிக்காலத்தில் கூரைமேல் நடப்பதெல்லாம் மனிதர் இல்லை என்பது வரைக்கும் சொல்வார்கள். அதற்கு மேல் கேட்டால், தேநீர் ஆறுகிறது பார் என்பார்கள்.

இஸ்ஸா சத்தம் காட்டாமல் சட்டியை மூடினாள்.

மேலே காலடி. கனமான, தடுமாறுகிற காலடி. புகைவாயின் ஓரத்தில் வந்து நின்றது. மாலை வெளிச்சத்தில் பனித்தூள் சுழன்று இறங்கியதே தவிர முகம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு முனகல் கேட்டது. மூட்டைக்குள் கட்டிப் போட்ட கன்றின் குரல் மாதிரி, வார்த்தையாகாத, நாக்கு இல்லாத ஒரு சத்தம். இன்னொரு தரம் கேட்டது.

அவள் உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் நின்ற காலடி விலகியது. பலகை சரசரவென்று கூரையை வழிக்கத் தொடங்கியது. நாணலுக்குள்ளிருந்து தூசி உதிர, உத்திரம் மெதுவாக முனக, அந்தச் சத்தம் சந்துப் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. நடு உத்திரத்துக்கு மேலேதான் அதிகம். பிறகு கூரை விளிம்பில் ஒரு சறுக்கல், சந்துக்குள் ஒரு பெரிய பனிப்பொதியைத் தள்ளியது போல 'தொப்'. அப்புறம் அமைதி. அடுப்பில் விறகு வெடித்தது. அடைத்த கதவின் அடிப்பலகையில், எலி பிறாண்டுவது போல, என்னமோ பிறாண்டியது. நின்றது. மறுபடி பிறாண்டியது.

கதவுக்கும் அதே சட்டம்தான். இஸ்ஸா கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு, புருஷன் பிஹியை மனசாரத் திட்டினாள். ஆடுகளைக் குளிர்கால மேய்ச்சலுக்குச் சமவெளியில் விட்டுவிட்டு, முதல் பனிக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்து போன மனுஷன். அவன் இருந்திருந்தால் இந்தப் பயம் எதற்கு? திட்டிக்கொண்டே இருந்ததில் பிறாண்டல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வானம் வெளுத்தபோது, பக்கத்துக் கூரையிலிருந்து ஹத்தா கூவினாள். ஹத்தாவின் குரலுக்குப் பயந்து பக்கத்து மலைப் பனி சரிந்து வருவது உண்டு.

"நான்தான் ஹத்தா! அடியே, உசுரோட இருக்கியா, இல்ல உறைஞ்சு ஊறுகாய் ஆயிட்டியா?"

இஸ்ஸா ஏணியில் ஏறித் தலையை நீட்டினாள். ஊரே வெள்ளையாய் மூடிக் கிடந்தது. அவள் கூரை மட்டும் துடைத்த தட்டு மாதிரி இருந்தது; அதன்மேல் புதுப் பனி மெல்லிசாக, மாவு சலித்தது போல. ராத்திரி முழுக்கப் பெய்ததில் சந்து தளும்பிக்கொண்டிருந்தது.

"அக்கா, நேத்து சாயங்காலம் மோஹா அண்ணனா வந்து தள்ளினாரு?"

"எவரு? எங்க வீட்டு மோஹாவா? அந்த மனுஷனுக்கு அவரோட கால்சட்டைய மாட்டிவிடவே ரெண்டு பேர் வேணும். நேத்து பூரா அடுப்ப கட்டிக்கிட்டு கெடந்தாரு. ஏன், பேர் சொல்லலையா?"

"சொல்லல."

"நீ பதில் கொடுத்தியா?"

"இல்லக்கா."

"அப்பச் சரி" என்றாள் ஹத்தா, ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இஸ்ஸாவின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கீழ்வீட்டுப் பயலுங்க எவனாவது இருக்கும். மரியாதை தெரியாத கழுதைங்க. ஒம் புருஷனப் பத்திக் கவலப்படாத. கணவாய் மூடிருச்சு. அங்க வெயில்ல ஆலிவ் தின்னுட்டு, எவளையாவது விட்டு முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருப்பாரு."

ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. கணவாய் மூடிவிட்டால் மூடியதுதான். பறவைகூட அனுமதி கேட்டுத்தான் தாண்டும். பிஹி சமவெளியில் தங்கிவிட்டான், வெயில் திரும்பினால் வருவான்.

அடுத்த பனியிலும் பலகைச் சத்தம் கேட்டது. அதற்கடுத்ததிலும். பஞ்சு போல முதல் பனிப்பூ இறங்கும்போதே அவள் தலைக்கு மேலே வழிப்பு ஆரம்பித்துவிடும். பேர் இல்லை. முனகலும் இல்லை. முதல் நாள் கேட்ட தடுமாற்றமும் இல்லை. சீராக, அவசரமே இல்லாமல், வேறு வேலையே இல்லாதவன் மாதிரி. ஊரில் இரண்டு கூரைகள் உட்கார்ந்தன, ஒரு கிழட்டுப் பசு செத்தது. இஸ்ஸாவின் கூரையில் ஒரு விரற்கடைப் பனி நின்றதில்லை.

ஒருநாள் நல்ல பகலில், சத்தம் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவள் ஏணியில் ஏறினாள். தைரியம் ஒன்றும் இல்லை. கை கால் மரத்துப்போனது போல உள்ளுக்குள் பயப்படுகிற இடமும் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். தலையை நீட்டினாள். சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பினாள். நின்றுவிட்டது. காற்று, பனித்தூள், கூரை நடுவில் கிடக்கும் தள்ளுபலகை. அதன் பிடியில் பனி கனமாகப் படிந்திருந்தது. கை பட்ட தடமே இல்லை. அவள் இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைக்கும்போது வழிப்பு மறுபடி தொடங்கியது.

"அடியே, உன் கூரைக்காரன் எவனோ, பெரிய வேலைக்காரன்தான்" என்று ஹத்தா புகைவாய் வழியாகக் கேலி செய்தாள். "எங்க வீட்டுக்கும் அனுப்பேன். மோஹாவ வாடகைக்கு எடுத்துக்க. ஆனா ஒண்ணு, அவனுக்குப் புத்தி கெடையாது. எல்லாரும் சரிவுப் பக்கம் தள்ளுவாங்க. இவன் ஒரே எடத்துல கொட்டறான். உன் கதவுக்கு முன்னாலயே மலை மாதிரி குமிச்சு வெச்சிருக்கான் பாரு."

பார்த்திருந்தாள். சந்தில் மற்ற இடத்துப் பனியெல்லாம் மூச்சு வாங்கி இறங்கினாலும் அந்தக் குவியல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கச் சுவரில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். படுக்கையை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினாள். மாசிபத்திரி போட்ட கசப்புத் தேநீரைக் குடித்தாள். சாப்பிட்டாள், கம்பளி நூற்றாள். பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பல்வலி பல நாள் இருந்தால் அதுவும் வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிடுகிறதே, அப்படி.

வெயில் ஒருநாள் திரும்பியது. அங்கே வசந்தம் நாகரிகமாக வராது. குடிகாரன் மாதிரி கதவை உதைத்துக்கொண்டு வரும். காலையில் ஒரு சொட்டு, மத்தியானம் ஓடை, மறுநாள் ஊரே ஓடும் தண்ணீரின் இரைச்சலில் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருக்கும். வாதுமை மரம் ஒரே இரவில் பூத்து, அசந்து தூங்கிய ஒரு சேவலையும் சேர்த்துப் பூக்க வைத்ததாக மோஹா சத்தியம் செய்தார். ஈர மண்ணும் சாணியும் மணக்க, பெண்கள் கம்பளிகளை வெளியே போட்டு அடித்தார்கள். கணவாய் திறந்தது.

முதல் ஆளாக வந்தவன் ஸாயித். பிஹியின் சித்தப்பா மகன். ஆடு ஓட்டிக்கொண்டு அவனோடு சேர்ந்து போனவன். பாதி உருகிய சந்தில் வர முடியாமல் கூரைக்கு ஏறி, "நான்தான் ஸாயித்!" என்று கத்திவிட்டு ஏணியில் இறங்கினான். ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்தபடி சுற்றிப் பார்த்தான்.

"எங்க அண்ணி, அண்ணன் இன்னும் தூங்கறாரா? குளிர்காலம் பூரா தூங்கியும் போதலையா அந்த மனுஷனுக்கு?"

இஸ்ஸா தேநீர்க் குவளையை அவன் முன்னால் வைத்தாள்.

"அவரு உன்னோட கீழ இருந்தாருல்ல?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "என்ன அண்ணி வெளையாடறீங்க? நாங்க ரெண்டு பேரும் அப்பவே கிளம்பிட்டோமே. கணவாய் உச்சியில இருக்கற கல்குடிசை வரைக்கும் ஒண்ணாத்தான் வந்தோம். அங்க பனி பிடிச்சுக்கிச்சு. தங்கிட்டுப் போகலாம்ணேன்னு கெஞ்சினேன். கேக்கல. நடு உத்திரம் உளுத்துக் கெடக்கு, முதல் பனியிலயே உக்காந்துரும், அடியில அவ தனியாப் படுத்திருக்கான்னாரு. போனதும் முதல் வேலையா கூரைக்குத்தான் ஏறணும்னாரு. தோ, ஊர் கண்ணுல தெரியுது. எறக்கம்தானே, சாயங்காலத்துக்குள்ள போயிருப்பாருன்னு நெனச்சேன். விடிஞ்சப்ப இந்தப் பக்கம் வழி மூடிக் கெடந்துச்சு, நான் கோவேறு கழுதையோட சமவெளிக்கே திரும்பிட்டேன்."

இஸ்ஸா அண்ணாந்து நடு உத்திரத்தைப் பார்த்தாள்.

"போறப்பவே அவருக்கு வாய் வெறைச்சுப் போச்சு அண்ணி. ஒதடு மரக்கட்டை மாதிரி. கடைசியா எம் பேரக் கூப்பிடப் பாத்தாரு, வரல. சும்மா மொனகினாரு. நாங்கூடச் சிரிச்சேன்."

அடுப்பு எரிந்தது. வெளியே தண்ணீர் ஓடியது. இஸ்ஸாவின் கை தானாக உயர்ந்து, அன்றைக்குப் போலவே, வாயைப் பொத்தியது.

ஊர் ஆண்கள் கயிறும் கம்புமாகக் கணவாய்ப் பக்கம் தேடக் கிளம்பினார்கள். பனிச்சரிவில் சிக்கியிருப்பான் என்றார்கள். அங்கே தேட வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. மண்வெட்டி எடுத்துக் கதவுக்கு முன்னால் இரண்டு வெட்டு வெட்டியிருக்கலாம். அதுவும் வரவில்லை. கூரை விளிம்பில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே வெயிலைக் கொண்டாடியபோது அவள் ஒருத்திதான் மேகம் வராதா என்று பார்த்தாள். இன்னொரு பனி. ஒரே ஒரு பெரும்பனி. குவியல் நாளுக்கு நாள் உடம்பு இளைத்தது. மேலிருந்து அழுக்கு நீர் வழிந்தது. ஓரிடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகக் கரைந்தது.

முதலில் அங்கியின் கூம்புத் தொப்பி தெரிந்தது.

ஹத்தா ஓடி வந்து பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் தேடப் போனவர்கள் கணவாயிலிருந்து திரும்பினார்கள். பிஹி மல்லாந்து கிடந்தான், கூரையிலிருந்து சறுக்கி விழுந்த இடுப்பு ஒரு பக்கம் திரும்பியிருக்க, வாய் பாதி திறந்து, ஒரு கை தலைக்கு மேல் நீண்டு. அந்தக் கையின் விரல்கள் கதவின் அடிப்பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பலகையில் நகக் கோடுகள்.

"ஐயோ, வாசல்லயே... வாசல்லயே கெடந்திருக்காரே" என்று மார்பில் அடித்துக்கொண்ட ஹத்தா சட்டென்று நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். "அப்ப இவரு முதல் நாளே... அப்ப குளிர்காலம் பூரா உன் கூரைய..."

அவள் பிறந்ததிலிருந்து முடிக்காமல் விட்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை கழுவி, வெள்ளை சுற்றி, வாதுமைத் தோப்புக்கு மேலே கல்லறை மேட்டில் வைத்தார்கள். பெண்டாட்டி என்ற முறையில் இஸ்ஸாவும் கூட நின்று கழுவினாள். பாதங்களை அவள்தான் கழுவினாள். அகலமான பாதங்கள். விரல்களில் முடி. இடது குதிகாலில் பழைய வெட்டு. எதுவும் தோன்றவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

எல்லாரும் வந்து சாப்பிட்டு, அழுது, போனார்கள்.

"நான் இங்கயே படுத்துக்கறேன்டி" என்றாள் ஹத்தா. உட்காராமல், ஏணியைப் பார்த்தபடி சொன்னாள்.

"வேணாம்க்கா. மோஹா அண்ணன் தேடுவாரு."

ஹத்தா இரண்டாம் முறை கேட்கவில்லை.

சூரியன் இன்னும் இறங்கவில்லை. புகைவாய் வழியாக மஞ்சள் வெளிச்சம் ஒரு தூண் மாதிரி அடுப்பங்கரையில் நின்றது. வானத்தில் ஒரு துளி மேகம் கிடையாது. எங்கோ ஒரு ஆடு கத்தியது. காற்றில் வாதுமைப்பூ வாசம்.

பலகைச் சத்தம் ஆரம்பித்தது.

கூரையில் பனி இல்லை. மண்ணை வழித்தது. காய்ந்த மண் சரசரவென்று நகர்ந்தது. வெளிச்சத் தூணில் தூசி நிறைந்தது. அதே சீர். அதே நிதானம். சந்துப் பக்கம் போய்த் திரும்பியது. போய்த் திரும்பியது. நாணல் முறிந்தது.

இஸ்ஸா உட்கார்ந்திருந்தாள்.

நின்றது.

காலடி புகைவாய்க்கு வந்தது. வெளிச்சத் தூண் அணைந்தது. மேலே, இருட்டில், மூட்டைக்குள் கட்டிப் போட்ட கன்றின் குரல் போல ஒரு முனகல்.

வாய் விறைத்திருக்கிறது. அவ்வளவுதானே. வாய் விறைத்தவன் எப்படிப் பேர் சொல்வான்? அன்றைக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இந்த அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பருப்பு வெந்துகொண்டுதான் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் விரல்.

இரண்டாம் தரமும் அதைச் செய்ய அவளால் முடியாது.

எழுந்தாள். ஏணியைப் புகைவாய்க்கு நேராகச் சாய்த்தாள்.

"இறங்கி வாங்க" என்றாள்.

மேலே முனகல் நின்றது. சந்தோஷப்பட்டது போல இருந்தது.

ஒரு பாதம் உள்ளே வந்தது. பிறகு இன்னொன்று. வெளுத்து, ஒடுங்கி, நீர் சொட்டச் சொட்ட. விரல்களில் முடி இல்லை. இடது குதிகால் வழவழவென்றிருந்தது. பிஹியின் கால்களை அவள் காலையில்தான் கழுவியிருந்தாள்.

கால்கள் இறங்கின. முதல் படியை மிதிக்கவில்லை. இரண்டாவதையும் மிதிக்கவில்லை. ஏணிக்குப் பக்கத்திலேயே, அவசரமில்லாமல், இறங்கின. அவள் மார்புக்கு நேராக வந்தன. இடுப்புக்கு. முழங்காலுக்கு. குளிர் வந்தது. பாதங்கள் தரையைத் தொட்டன, ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக, விரல்களைப் பரப்பி.

இஸ்ஸா அண்ணாந்து பார்த்தாள்.

கால் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. முழங்கால் இன்னும் கூரைக்கு மேலேதான் இருந்தது.